ஆற்றில் வாழும் நன்னீர்ச் சூரியமீன்கள்: வளர்ச்சியும் பிழைப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்னீர்ச் சூரியமீன் என்பது எது? கடலில் பிடிபடும் சூரியமீனும் இதுவும் ஒன்றா?

இல்லை, இரண்டுக்கும் பெயர் மட்டுமே பொது. கடலில் வாழும் மோலா என்ற சூரியமீன் ஒரு டன்னுக்கு மேல் எடை கூடக்கூடிய பெருமீன். இந்தப் பக்கத்தில் பேசப்படுபவை சென்ட்ரார்க்கிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. வட அமெரிக்காவின் ஆறுகளும் ஏரிகளும் சதுப்புகளும் மட்டுமே இவற்றின் தாயகம். ராக்கி மலைத்தொடருக்கு மேற்கே இயற்கையாக வாழும் இனம் இக்குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான். அது கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ பெர்ச். மற்றவையெல்லாம் மலைக்குக் கிழக்கே உள்ளவை. புளூகில், பம்ப்கின்சீட், ரெட்பிரெஸ்ட், கிரீன் சன்ஃபிஷ், லாங்இயர் போன்ற உள்ளங்கை அளவு மீன்களும், அவற்றைவிடப் பெரிதாக வளரும் பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் ஆகியவையும், கிராப்பி மீன்களும் இக்குடும்பத்தின் உறுப்பினர்கள். பக்கவாட்டில் தட்டையாகவும் முதுகிலிருந்து வயிறு வரை அகலமாகவும் இருக்கும் உடல்தான் சிறிய சூரியமீன்களின் அடையாளம்.

கீழுள்ள விடைகளில் பெரும்பகுதி புளூகில் மீனையும், அது மிகுதியாக வாழும் மேல் மிசிசிப்பி ஆற்றையும் மையமாகக் கொண்டவை. ஓர் ஆற்றை நன்றாகப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவதே தெளிவு தரும் என்பது என் எண்ணம்.

இவை குளத்து மீன்கள்தானே? ஓடும் ஆற்றில் எப்படிப் பிழைக்கின்றன?

ஆறு என்றதும் நாம் கண்ணுக்கு முன் கொண்டுவருவது நடுவில் விரைந்தோடும் நீரை. அந்த நீரோட்டத்தில் புளூகில் வாழ்வதில்லை. அதன் அகன்ற உடல் நீரோட்டத்தை எதிர்த்து நெடுந்தொலைவு நீந்துவதற்காக அமைந்ததன்று. செடிகளுக்கிடையே நின்று, திரும்பி, பின்வாங்கி, ஒரு சிறு பூச்சியைக் குறிபார்த்துக் கவ்வுவதற்காக அமைந்தது. எனவே பெரிய ஆறுகளில் அது தேடுவது ஆற்றின் ஓரங்களை: தீவுகளுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் நீர், முன்பு ஆறு ஓடி இப்போது துண்டுபட்டுக் கிடக்கும் பழைய வளைவுகள், வெள்ளச் சமவெளியில் ஆற்றோடு ஒரு சிறு வாயால் மட்டும் இணைந்திருக்கும் ஆழமற்ற ஏரிகள். இவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே ‘ஒதுக்குநீர்’ என்று குறிப்பிடுகிறேன்.

குடும்பத்தின் எல்லா இனங்களும் இப்படி என்று சொல்ல முடியாது. சிறுவாய் பாஸ் கல்லும் சரளையும் நிறைந்த, தெளிந்த, ஓடும் நீரை விரும்பும். லாங்இயர் மீனுக்கும் தெளிந்த சரளை ஓடைகளே பிடித்தவை. அட்லாண்டிக் கரையோர ஆறுகளின் மீனான ரெட்பிரெஸ்ட், மிதமான ஓட்டத்தில் மூழ்கிய மரங்களை அண்டி வாழும். ஆனாலும் ஓட்டம் மிகுந்த ஆற்றில் வாழும் இனங்களும் ஒரு பாறையின் நிழலையோ விழுந்த மரத்தின் மறைவையோ தேடித்தான் நிற்கின்றன. அந்த மறைவு எவ்வளவு இருக்கிறது, எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதே இம்மீன்களின் கணக்கைத் தீர்மானிக்கிறது.

எங்கே, எப்போது முட்டையிடுகின்றன?

வசந்தத்தின் பிற்பகுதியில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஆண் புளூகில் ஆழமற்ற கரையோரத்துக்கு வந்து, வாலால் அடித்து அடித்து வண்டலை விலக்கி, தட்டு போன்ற வட்டக் குழி ஒன்றை அமைக்கும். பல ஆண்கள் அருகருகே குழி அமைப்பதால், மேலிருந்து பார்த்தால் தேன்கூட்டின் அறைகள்போலத் தெரியும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகான வேலை முழுவதும் ஆணுடையது. துடுப்பால் விசிறி முட்டைகளுக்குப் புதுநீர் அனுப்புவதும், முட்டை தின்ன வரும் மீன்களையும் நத்தைகளையும் விரட்டுவதும் அதன் பொறுப்பு. நம் குளங்களில் விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காவலின் தீவிரம் புதிதாக இராது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும்; குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கும் வரை, மேலும் சில நாள், ஆண் குழியை விட்டு அகலாது. அந்த நாட்களில் அது சரியாக உண்பதும் இல்லை.

எல்லா ஆண்களும் இந்தக் கடமையை ஏற்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள ஒபினிகன் ஏரியில் மார்ட் கிராஸ் என்பவர் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகள் இதை விரிவாக விளக்கின. காவல் காக்கும் ஆண்கள் அந்த ஏரியில் சுமார் 7 வயதில்தான் முதிர்ச்சியடைகின்றன. மறுபுறம், 2 வயதிலேயே முதிர்ந்துவிடும் சிறு ஆண்கள் செடிமறைவிலிருந்து பாய்ந்து வந்து முட்டைகள்மீது விந்தைச் செலுத்திவிட்டு ஓடிவிடுகின்றன; அவையே சற்று வளர்ந்ததும் பெண்ணைப்போன்ற நிறத்தோடும் நடத்தையோடும் குழிக்குள் புகுகின்றன. வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது இது பொருட்படுத்தத்தக்க செய்தி. ஏனென்றால், சீக்கிரம் முதிர்வதற்குச் செலவிடும் உணவு உடல் வளர்ச்சிக்குப் போவதில்லை.

முட்டையிடும் காலத்தில் வெள்ளம் வந்தால் என்ன ஆகும்?

ஒதுக்குநீரில் குழி அமைக்கும் புளூகிலுக்கும், ஓடும் ஆற்றின் கரையோரத்தில் குழி அமைக்கும் சிறுவாய் பாஸுக்கும் இதன் விளைவு வேறுபடும். சிறுவாய் பாஸ் குழிகள்மேல் திடீர் வெள்ளம் பாய்ந்தால் முட்டைகள் அடித்துச் செல்லப்படும். அல்லது வண்டல் படிந்து மூச்சுமுட்டும். காவல் ஆண் ஓட்டத்தைத் தாங்க முடியாமல் குழியைக் கைவிடும். அப்போதுதான் நீந்தத் தொடங்கிய குஞ்சுகளுக்கும் வேகமான நீரில் நிலைகொள்ளும் வலிமை இல்லை. வர்ஜீனியா மாநிலத்தின் ஆறுகளில் பல ஆண்டுகள் எடுத்த கணக்குகளில், ஜூன் மாத நீரோட்டம் வழக்கமான அளவை ஒட்டியிருந்த ஆண்டுகளிலேயே குஞ்சுத் தலைமுறை வலுவாக அமைந்தது தெரியவந்தது. நீர் மிகவும் கூடிய ஆண்டுகளில் குஞ்சுகள் குறைந்தன.

புளூகிலுக்கு ஒரு வசதி உண்டு. அது கோடை முழுவதும் பல தடவை முட்டையிடக்கூடியது. முதல் கூட்டம் அழிந்தாலும் இரண்டாம், மூன்றாம் கூட்டம் உருவாகும். ஆனால் தாமதமாகப் பொரிந்த குஞ்சுக்கு வளரக் கிடைக்கும் வாரங்கள் குறைவு.

குஞ்சுகள் எதை உண்டு, எங்கே வளர்கின்றன?

குழியை விட்டு வெளியேறும் புளூகில் குஞ்சு, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் நூலிழை அளவு உயிர். அது கரையோரச் செடிகளை விட்டுத் திறந்த நீருக்குப் போய், அங்கே மிதக்கும் நுண்ணிய விலங்கு மிதவையுயிரிகளை உண்ணும். உடல் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் வளர்ந்து கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போது, திறந்த நீர் ஆபத்தாகிவிடுகிறது. அது மறுபடியும் கரையோரச் செடிகளுக்குள் புகுந்துகொள்கிறது. அங்கே செடிகளில் ஒட்டியிருக்கும் பூச்சிப் புழுக்கள் அதன் உணவு. பல ஆண்டுகள் கழித்து, பெருவாய் பாஸின் வாய்க்குள் எளிதில் அடங்காத அளவு வளர்ந்த பிறகே, அது மீண்டும் திறந்த நீருக்கு மேயப் போகிறது.

இந்தப் போக்குவரத்துக்குப் பின்னாலிருப்பது அச்சம் என்பதை எர்ல் வெர்னரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு குளத்தை இரண்டாகத் தடுத்துச் சோதித்துக் காட்டினர். 1983-இல் வெளிவந்த அந்த ஆய்வில், குளத்தின் ஒரு பாதியில் பெருவாய் பாஸ் மீன்களை விட்டனர், மறுபாதியில் விடவில்லை. பாஸ் இல்லாத பாதியில் எல்லா அளவு புளூகில்களும் உணவு மிகுந்த இடம் பார்த்து மேய்ந்தன. பாஸ் இருந்த பாதியில் சிறியவை மட்டும் செடிகளுக்குள்ளேயே அடங்கிக் கிடந்து, கிடைத்த குறைந்த உணவில் மெதுவாக வளர்ந்தன; பெரியவை அஞ்சாமல் வெளியே மேய்ந்து, சிறியவற்றின் போட்டி இல்லாததால் இன்னும் கொஞ்சம் நன்றாக வளர்ந்தன. உயிரோடு இருப்பதற்காக வளர்ச்சியை விட்டுக்கொடுக்கும் இந்தப் பேரம் ஆற்றின் ஒதுக்குநீரிலும் அன்றாடம் நடக்கிறது. நீர்த்தாவரங்கள் அழிந்த ஒதுக்குநீரில் ஒளிய இடமில்லை. தாவரம் கட்டுக்கடங்காமல் அடர்ந்துவிட்ட இடத்தில் பாஸ் மீனால் உள்ளே நுழைந்து வேட்டையாட முடியாததால் சிறு புளூகில்கள் எண்ணிக்கையில் பெருகி உணவுக்கு நெருக்கியடித்துக்கொள்ளும். இடையிலுள்ள நிலைதான் இருதரப்புக்கும் நல்லது.

ஆண்டுக்கு எவ்வளவு வளரும்? வயதை எப்படி அறிகிறார்கள்?

வடபகுதி ஆறுகளில் ஒரு புளூகில் 15 செ.மீ. நீளத்தை எட்ட ஏறத்தாழ மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். தூண்டில்காரர்கள் எடுத்துச் செல்ல விரும்பும் குறைந்தபட்ச அளவும் ஏறக்குறைய அதுவே. மீன்வளத் துறையினர் 8 செ.மீ.க்கு மேற்பட்டவற்றில் எத்தனை சதவீதம் 15 செ.மீ.யைத் தாண்டியிருக்கின்றன என்று பார்த்தே ஒரு நீர்நிலையின் புளூகில் கூட்டம் சீராக இருக்கிறதா என்று மதிப்பிடுகிறார்கள். 20 செ.மீ.யைத் தாண்டிய மீன் நல்ல மீன், 25 செ.மீ. நினைவில் நிற்கும் மீன். தூண்டிலில் பிடிபட்ட புளூகில்களில் உலகச் சாதனையாகப் பதிவானது 1950-இல் அலபாமாவின் கெட்டோனா ஏரியில் கிடைத்த, 2 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள மீன். அது ஆற்று மீனன்று.

வயதறியச் செதிலையோ, தலைக்குள் இருக்கும் செவிக்கல்லையோ எடுத்துப் பார்ப்பார்கள். கோடையில் அகலமாகவும் குளிர்காலத்தில் நெருக்கமாகவும் படியும் வளையங்கள் மரத்தின் ஆண்டு வளையங்கள்போல எண்ணத்தக்கவை. செவிக்கல்லே நம்பகமானது, ஆனால் அதற்காக மீனைக் கொல்ல வேண்டியிருக்கிறது.

வளர்ச்சியை விரைவுபடுத்துவது முதன்மையாக வெப்பம். புளூகில் 30 டிகிரி செல்சியஸ் அளவிலான வெதுவெதுப்பான நீரை விரும்பும். 10 டிகிரிக்குக் கீழே அது ஏறத்தாழ வளர்வதே இல்லை. ஆகவே மினசோட்டாவிலோ விஸ்கான்சினிலோ உள்ள ஒரு மீனுக்கு ஆண்டில் வளர்ச்சிக்குக் கிடைப்பது நான்கைந்து மாதமே. எஞ்சிய மாதங்களில் வளர்ச்சியைப் பற்றிய பேச்சே இல்லை. உயிரைக் காத்துக்கொள்வது மட்டுமே வேலை.

ஆற்றில் குளிர்காலம் ஏன் இவ்வளவு முதன்மையானது?

ஆற்றுச் சூரியமீன்களைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு நான் சொல்லக்கூடியது இதற்கான விடையைத்தான்.

குளத்தில் நீர் உறையும்போது மேற்பரப்பில் பனிக்கட்டி படியும். 4 டிகிரி வெப்பமுள்ள நீரே மிகவும் கனமானது என்பதால் அது அடியில் தங்கிவிடும். மீன்கள் அந்த அடிநீரில் அசையாமல் குளிர்காலத்தைக் கழிக்கும். ஓடும் ஆற்றில் அப்படி அடுக்கு அமைவதில்லை. நீர் கலங்கிக்கொண்டே இருப்பதால் மேலிருந்து அடிவரை முழுவதும் 0 டிகிரிக்குக் குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிரில் புளூகிலின் தசைகள் வலுவிழக்கின்றன. சிறு ஓட்டத்தைக்கூட எதிர்த்து நிற்க முடிவதில்லை. சிறு குஞ்சுகள் நிலைதடுமாறிச் சாகின்றன.

இதனால் இலையுதிர் காலத்தில் நீர் குளிரத் தொடங்கியதும் புளூகில்களும் கிராப்பிகளும் கோடை மேய்ச்சல் இடங்களை விட்டு, தேவையானால் சில கிலோமீட்டர் பயணம் செய்து, ஆழமான ஒதுக்குநீர்களில் வந்து கூடுகின்றன. மேல் மிசிசிப்பியில் ரேடியோ கருவி பொருத்தி மீன்களைப் பின்தொடர்ந்து, 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவற்றின் தேவையை எண்களாகவே சொல்லிவிட்டது. நீரில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவரை, இரண்டு இனங்களும் 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமுள்ள, ஓட்டம் என்று எதுவும் புலப்படாத இடங்களையே தேர்ந்தெடுத்தன. ஆக்ஸிஜன் 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியபோது, வேறு வழியில்லாமல், குளிர்ந்த நீரையும் நொடிக்கு 1 செ.மீ. ஓட்டத்தையும் சகித்துக்கொண்டு ஆக்ஸிஜன் இருக்கும் பக்கம் நகர்ந்தன.

நொடிக்கு 1 செ.மீ. என்பது நம் கண்ணுக்கு ஓட்டமாகவே தெரியாத ஓட்டம். ஒரு சருகு ஒரு மீட்டர் நகர 100 நொடி ஆகும். அந்த அளவு ஓட்டத்தையே தவிர்க்க விரும்பும் மீன் மிசிசிப்பிபோன்ற பேராற்றில் வாழ்கிறது என்றால், அந்தப் பேராற்றுக்குள் அமைதியான மூலைகள் இருப்பதுதான் காரணம். கோடையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பில் பரவியிருந்த மீன்கள் குளிர்காலத்தில் சில ஏக்கருக்குள் ஒடுங்கிவிடுகின்றன. அந்தச் சில ஏக்கர் கெட்டுப்போனால், சுற்றிலும் எவ்வளவு நல்ல கோடை மேய்ச்சல் நிலம் இருந்தாலும் பயனில்லை.

பனிக்கட்டிக்கு அடியில் ஆக்ஸிஜன் ஏன் தீர்ந்துபோகிறது?

பனிக்கட்டி மூடியதும் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் நீரில் கரைவது நின்றுவிடும். பனிக்கட்டி தெளிவாக இருந்தால் ஒளி உள்ளே புகும். நீர்த்தாவரங்களும் பாசியும் ஓரளவு ஆக்ஸிஜன் தரும். அதன்மேல் வெண்பனி தடிமனாகக் குவிந்துவிட்டால் உள்ளே இருள். பிறகு அழுகும் செடிகளும் அடிவண்டலும் இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்னத் தொடங்கும். நீர் ஆழமாக இருந்தால் கையிருப்பு பெரிது. வண்டல் நிரம்பி ஆழம் குறைந்த ஒதுக்குநீரில் கையிருப்பு குளிர்காலத்தின் பாதியிலேயே தீர்ந்துவிடும்.

ஆற்று நீரைக் கொஞ்சம் உள்ளே விட்டால் ஆக்ஸிஜன் வரும். ஆனால் அந்த நீர் குளிரையும் ஓட்டத்தையும் கூடவே கொண்டுவரும். வாயை முழுவதும் அடைத்தால் வெப்பம் நிற்கும்; மூச்சு நின்றுபோகும். ஒதுக்குநீரைச் சீரமைக்கும் பொறியாளர்களின் கடினமான வேலையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டுபிடிப்பதுதான்.

முதல் குளிர்காலத்தில் சிறு குஞ்சுகள் அதிகம் சாவது ஏன்?

சிறிய உடலுக்கு எடைக்கு எடை ஆற்றல் செலவு அதிகம். சேமித்து வைத்திருக்கும் கொழுப்போ குறைவு. உணவு கிடைக்காத, கிடைத்தாலும் செரிக்காத நீண்ட மாதங்களில் அந்தக் கையிருப்பு முதலில் தீர்வது சிறியவற்றுக்கே. சிறுவாய் பாஸ் தன் வாழிடத்தின் வட எல்லையைத் தாண்டிப் பரவ முடியாததற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது கனடிய ஏரி ஆய்வுகளில் நன்கு நிறுவப்பட்டது: கோடை குறுகினால் குஞ்சு போதிய நீளம் வளராமல் குளிர்காலத்துக்குள் நுழைகிறது, பட்டினியால் சாகிறது. புளூகிலில் இந்த அளவுக் கணக்கு இவ்வளவு கறாராக அமைவதில்லை. கோடையின் பிற்பகுதியில் பொரிந்த குஞ்சும் நல்ல ஒதுக்குநீர் கிடைத்தால் தப்பிவிடுவதுண்டு. இடம் நல்லதாக இருப்பது உடல் அளவின் குறையைச் சற்று ஈடுகட்டுகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

மிசிசிப்பியின் அணைகள் இம்மீன்களுக்கு நன்மை செய்தனவா, தீமை செய்தனவா?

இரண்டும் செய்தன, முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று. 9 அடி ஆழமுள்ள கப்பல் வழியை அமைக்க 1930-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த பிறகு, மினியாபொலிஸ் முதல் செயின்ட் லூயிஸ் வட்டாரம் வரை வரிசையாகத் தடுப்பணைகளும் கப்பல் ஏறியிறங்கும் அடைப்புகளும் கட்டப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அந்தப் பத்தாண்டிலேயே முடிந்தன. நீர்மட்டம் உயர்ந்ததால் பழைய புல்வெளிகளும் காடுகளும் மூழ்கி, தீவுகளும் செடிகளும் நிறைந்த பரந்த ஒதுக்குநீர்கள் உருவாயின. சில பத்தாண்டுகள் புளூகிலுக்கு அது பொற்காலம்.

ஆனால் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிறுத்தப்பட்டதால், இயற்கையாகக் கோடையில் வற்றிக் காய்ந்து இறுகும் அடிமண் என்றும் குழம்பாகவே கிடந்தது. திறந்த பரப்பில் காற்று எழுப்பிய அலைகள் தீவுகளைக் கரைத்தன. மேட்டுநில வயல்களிலிருந்து வந்த வண்டல் ஆழமான பகுதிகளை நிரப்பியது. தீவுகள் கரைந்த இடத்தில் ஓட்டம் உள்ளே புகுந்தது. ஆக, குளிர்காலத்துக்குத் தேவையான ஆழமும் அமைதியும் இரண்டும் ஒன்றாகக் குறைந்தன.

அதைச் சீர்செய்ய ஏதேனும் செய்திருக்கிறார்களா?

1986-இல் மேல் மிசிசிப்பிக்கென்று வாழிட மீட்புத் திட்டமும் நீண்டகாலக் கண்காணிப்பும் சட்டப்படி ஏற்படுத்தப்பட்டன. அதன்கீழ் வண்டல் நிரம்பிய ஒதுக்குநீர்களைத் தூர்வாரி ஆழப்படுத்தினார்கள். வாரிய மண்ணைக் கொண்டே கரைந்துபோன தீவுகளை மறுபடி எழுப்பினார்கள். தீவு ஓட்டத்தையும் அலையையும் தடுக்க, அதன் மறைவில் நீர் தெளிந்து செடி முளைத்தது. மினசோட்டாவில் 4-ஆம் அணைக்குச் சற்றுக் கீழே உள்ள ஃபிங்கர் ஏரிகளில், கரைமேட்டின் ஊடாகக் குழாய்கள் பதித்து, குளிர்காலத்தில் எவ்வளவு ஆற்றுநீர் உள்ளே வரவேண்டும் என்பதைத் திறந்தும் அடைத்தும் கட்டுப்படுத்தினார்கள். முந்தைய கேள்வியொன்றில் சொன்ன நடு அளவைத் தேடும் முயற்சிதான் அது.

வேறொரு வழியும் பலன் தந்தது. 2001, 2002 கோடைகளில் லா கிராஸ் நகருக்குக் கீழேயுள்ள 8-ஆம் தேக்கத்தின் நீர்மட்டத்தை வேண்டுமென்றே தாழ்த்தினார்கள். வெளிப்பட்ட சேறு வெயிலில் காய்ந்து இறுகியது; அம்புத்தலை இலையுடைய நீர்ச்செடிகளும் பிறவும் திரண்டு முளைத்தன. கப்பல் போக்குவரத்துக்காக நிலையாக நிறுத்தப்பட்ட ஆற்றுக்கு அதன் பழைய கோடை வறட்சியைச் சிறிதளவு திருப்பிக் கொடுத்த செயல் அது; எனக்கு இந்த மீட்புப் பணிகளில் மிகவும் பிடித்ததும் அதுவே.

தெற்கத்திய ஆறுகளில் குளிர்காலச் சிக்கல் இல்லையே; அங்கே எது தீர்மானிக்கிறது?

ஜார்ஜியா மாநிலத்தின் சட்டில்லா ஆற்றை எடுத்துக்கொள்ளலாம். கருந்தேநீர் நிறத்து நீரும், இடம்பெயர்ந்துகொண்டேயிருக்கும் மணலடியும் கொண்ட ஆறு அது. மணலில் பூச்சிகள் நிலையாக ஒட்டி வாழ முடியாது. ஆற்றில் விழுந்து கிடக்கும் மரங்களே அவற்றுக்கு நிலையான தரை. ஆர்தர் பெங்கியும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட கட்டுரையில், வாழிடப் பரப்பில் மிகச் சிறு பங்கே உள்ள இந்த மரக்கட்டைகளில் ஆற்றின் முதுகெலும்பற்ற உயிர்களின் மொத்த எடையில் பாதிக்கும் மேல் இருப்பதைக் காட்டினர். ஆற்றின் முதன்மையான 8 மீனினங்களில் நான்கு, தம் இரையில் குறைந்தது 60 சதவீதத்தை அந்தக் கட்டைகளிலிருந்தே பெற்றன. படகுப் போக்குவரத்துக்காக மரங்களை அகற்றி ஆற்றைச் ‘சுத்தம்’ செய்வது மீனின் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிடுவதற்குச் சமம்.

சட்டில்லாவின் பெருமைக்குரிய மீன் ரெட்பிரெஸ்ட். அதற்கு வந்த பெரிய ஆபத்து தட்டைத்தலைக் கெளுத்தி. மிசிசிப்பி வடிநிலத்தில் சூரியமீன்களோடு காலங்காலமாக வாழ்ந்துவந்த அந்தப் பெருங்கெளுத்தி, அட்லாண்டிக் பக்க ஆறுகளுக்கு மனிதரால் கொண்டுசெல்லப்பட்டது. 1970களில் ஜார்ஜியாவின் அல்டமாஹா ஆற்றில் அது பரவியபின் ரெட்பிரெஸ்ட் அங்கே வெகுவாகக் குறைந்தது. 1990களில் சட்டில்லாவிலும் அது தென்பட்டதால், மாநில இயற்கைவளத் துறை படகிலிருந்து நீரில் மின்சாரம் பாய்ச்சிக் கெளுத்திகளை அகற்றிவருகிறது. அடியோடு ஒழிப்பது இயலாதெனினும், பெரிய கெளுத்திகள் குறைந்தால் சூரியமீன்கள் தலைதூக்க இடமுண்டு.

வறட்சியில் ஓடை துண்டுபட்டால்?

கிரீன் சன்ஃபிஷ் அதில் கெட்டிக்காரன். புல்வெளி மாநிலங்களின் ஓடைகள் வற்றித் தனித்தனி மடுக்களாகும்போது, சூடேறி ஆக்ஸிஜன் குறைந்த மடுவிலும் அது தாக்குப்பிடிக்கும். மழை வந்ததும் முதலில் பரவும். அதே தன்மை, புதிய ஓடைகளில் விடப்படும்போது உள்ளூர்ச் சிறுமீன்களை அது அழித்துவிடவும் காரணமாகிறது.

பெரிய புளூகில்களைப் பிடித்தெடுத்தால் மீதமுள்ளவை நன்றாக வளரும் என்பது உண்மையா?

பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கிறது. முட்டையிடும் காலத்தில் குழிகளின்மேல் தூண்டில் போட்டால் சிக்குவது காவல் காக்கும் பெரிய ஆண்களே. அவை அகன்ற சில நிமிடங்களிலேயே மற்ற மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும் என்பது ஒரு நட்டம். இரண்டாவது நட்டம் ஆழமானது. பெரிய ஆண்கள் இருக்கும்வரை, இளம் ஆண்கள் குழிப் போட்டியில் வெல்ல முடியாது என்பதால் முதிர்ச்சியைத் தள்ளிப்போட்டு உடலை வளர்க்கின்றன. பெரியவை மறைந்துவிட்டால் அவை சிறு வயதிலேயே முதிர்ந்து, வளர்ச்சி நின்று, கூட்டம் முழுவதும் குள்ளமாகிவிடும். இல்லினாய் மாநில நீர்நிலைகளில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டின. மினசோட்டா மாநிலம் தேர்ந்தெடுத்த பல ஏரிகளில் ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளக்கூடிய புளூகில் எண்ணிக்கையை 5 அல்லது 10 ஆகக் குறைத்தது இந்தப் புரிதலின் விளைவுதான். ஆற்றிலோ ஆபத்து குளிர்காலத்தில் கூடுகிறது. மீன்கள் சில ஏக்கருக்குள் அடைந்து கிடப்பதால், பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடுபவர்கள் ஒரு பெரும்பரப்பின் மீன்களை ஒரே இடத்தில் எடுத்துவிட முடிகிறது.

ஜப்பானில் புளூகில் எப்படிப் பெருகியது?

1960-இல் அமெரிக்கா சென்ற அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிடோவுக்குச் சிகாகோ மேயர் புளூகில்களைப் பரிசளித்தார். உணவு மீனாக வளர்க்கலாம் என்ற நம்பிக்கையில் அவை ஆய்வு நிலையத்துக்குத் தரப்பட்டன. பிற்காலத்தில் நடந்த மரபணு ஆய்வு, ஜப்பான் முழுவதும் பரவிய புளூகில்கள் அயோவா மாநிலத்தின் குட்டன்பெர்க் ஊரருகே மிசிசிப்பியில் பிடித்த 15 மீன்களின் வழித்தோன்றல்கள் என்று காட்டியது. பீவா ஏரியில் அவை உள்ளூர் மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகின. 2007-இல் பேரரசராக அந்த ஏரிக்கரையில் பேசியபோது, இந்நிலை தம் மனத்தை வருத்துவதாக அகிஹிடோ சொன்னார். அவரே மீனியல் ஆய்வாளர் என்பதால் அந்தச் சொல்லின் கனம் கூடுதல்.

மிசிசிப்பியில் ஒவ்வொரு குளிர்காலமும் ஒதுக்குநீர் தேடி அலையும் மீனுக்கு, உறையாத, ஆழமான, செடிக்கரை கொண்ட ஒரு பேரேரி கிடைத்துவிட்டது. வாழிடம் பொருந்தினால் 15 மீன் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மீன் குறைந்த ஆற்றில் பண்ணைக் குஞ்சுகளை விட்டால் சரியாகிவிடுமா?

புளூகிலைப் பொறுத்தவரை குஞ்சுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பெண் ஆயிரக்கணக்கிலிருந்து பல்லாயிரம் வரை முட்டையிடும். கோடையில் ஆற்றோரம் குஞ்சுகள் மொய்த்திருந்தும் அடுத்த வசந்தத்தில் மீன் இல்லை என்றால், குறை முட்டையில் இல்லை. குளிர்கால இடத்தில் இருக்கிறது. அங்கே மேலும் குஞ்சுகளை விடுவது, கூரை இல்லாத வீட்டுக்கு விருந்தினரை அழைப்பது போன்றது.

ஓர் ஒதுக்குநீர் குளிர்காலத்துக்கு ஏற்றதா என்று எப்படிப் பார்ப்பது?

கோடையில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. செடியும் தெளிவும் நிறைந்த இடம் ஜனவரியில் செத்த நீராக இருக்கக்கூடும். குளிர்காலத்தின் பிற்பகுதியில், வெண்பனி நன்றாகக் குவிந்த பிறகு, பனிக்கட்டியில் பல இடங்களில் துளையிட்டு, மேல்நீரிலும் அடிநீரிலுமாக வெப்பத்தையும் கரைந்த ஆக்ஸிஜனையும் அளக்க வேண்டும். பனிக்கட்டியின் அடிப்பரப்பிலிருந்து சேறு வரை உண்மையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கோல்விட்டுப் பார்க்க வேண்டும்; மேலிருந்து அளந்த ஆழத்தில் பனிக்கட்டியின் தடிமனும் இளகிய சேறும் சேர்ந்துவிடும். ஓட்டத்தை அறியத் துளைக்குள் சிறிது சாயம் விட்டாலே போதும். அது இருந்த இடத்திலேயே மெல்லப் பரவினால் நல்லது, ஒரு பக்கமாக இழுபட்டால் அங்கே மீன் தங்காது. ஒரே தடவை அளப்பதும் போதாது. டிசம்பரில் நிறைந்திருந்த ஆக்ஸிஜன் பிப்ரவரி கடைசியில், பனி உருகுவதற்குச் சற்று முன்பு, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே அந்த இடத்தில் வசந்தத்தைக் காணப்போகும் மீன்களின் எண்ணிக்கையைச் சொல்லும்.